தினமும் கொஞ்சம் படிப்பது எப்படி? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடமாகப் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். லயத்தின் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்) கடைசி வீட்டு இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை, ஒரு கரும்பலகை, இரண்டு பாய், அவ்வளவுதான் எங்கள் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் வருவார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து முகம் கழுவிய கையோடு உட்காரும் அக்காமாரும் உண்டு. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் தம்பிமார் போனில் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

தினமும் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்?

இருபது நிமிடம். முதல் மாதம் அதற்கு மேல் போகவே வேண்டாம்.

தைப்பொங்கல் முடிந்ததும் "இந்த வருஷம் தினமும் ரெண்டு மணித்தியாலம்" என்று தொடங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாலாம் நாள் காய்ச்சல் வரும், இல்லாவிட்டால் விருந்தாள் வருவார்கள். ஐந்தாம் நாள் கொப்பி அலமாரிக்குப் போய்விடும். இருபது நிமிடம் என்றால் காய்ச்சல் நாளிலும் பாதியாவது செய்துவிடலாம்.

நேரத்தின் அளவைவிட, அதை எதோடு கட்டிப்போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். தோட்டத்தில் நம் நாள் ஏற்கெனவே பல முளைகளில் கட்டப்பட்டிருக்கிறது: பிரட்டு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டம்), கொழுந்து நிறுவை, பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கி வரும் நேரம், பைப்பில் தண்ணீர் வரும் நேரம். இவை நம் விருப்பத்துக்காக நிற்பதில்லை, தினமும் நடக்கும். படிப்பை இவற்றில் ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். "ஐந்து மணிக்குப் படிப்பேன்" என்பது நழுவிவிடும். "அடுப்பில் கேத்தலை வைத்ததும் கொப்பியை எடுப்பேன்" என்பது நிற்கும்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை பீலிக்கரையில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தைப் படிப்புக்கு எடுத்துக்கொண்டாள். வெறும் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். முன்னால் நாலு கேன் இருந்தால் கால் மணித்தியாலம் கிடைக்கும். அவளுடைய விஞ்ஞானக் கொப்பியின் ஓரமெல்லாம் தண்ணீர் பட்டுப் பட்டு அலை அலையாக நெளிந்திருக்கும். விஞ்ஞானத்தில் அவள் எடுத்த சித்தியில் அந்தப் பீலிக்கரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

அதை அப்படியே நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஓர் ஆய்வு நடந்தது, 2009இல் வெளிவந்தது. 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு சின்னக் காரியத்தைச் செய்ய வேண்டும். சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் ஓடுவது போன்றவை. யோசிக்காமலே கை அந்தக் காரியத்துக்குப் போகும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம்: குறைந்தது 18 நாள், கூடியது 254 நாள் (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியதைக் கணக்குப் போட்டு மதிப்பிட்டார்கள்).

ஒரு மாதம் ஆகியும் இன்னும் நம்மைத் தள்ளிக்கொண்டுதான் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது என்றால், உங்களிடம் ஏதும் குறை இருப்பதாக நினைக்காதீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான். சின்னக் காரியம் சீக்கிரம் ஒட்டும், பெரிய காரியத்துக்கு நாள் எடுக்கும்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால்?

அதே ஆய்வில் இதற்கும் பதில் இருக்கிறது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை. திருவிழா வரும், தோட்டத்தில் ஒரு சாவு விழும், மழையில் மின்சாரம் போகும். விட்டதற்கு ஈடாக மறுநாள் நாற்பது நிமிடம் உட்கார வேண்டாம். வழக்கமான இருபதே போதும். இரண்டு நாள் தொடர்ந்து விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நாள் கணக்கு என் வகுப்பில் பார்த்துப் பழகியது.

எவ்வளவு படித்தாலும் மறந்துபோகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது இதோடுதான்.

கொழுந்து எடுப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு மலையில் இன்றைக்குக் கொழுந்து எடுத்தால், ஏழெட்டு நாளில் திரும்ப அதே மலைக்கு வருகிறோம். முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. மூன்று கிழமை கழித்து வந்தால் இலை முற்றிப்போயிருக்கும். சுற்று தவறாமல் வந்தால்தான் கொழுந்து. பாடமும் அப்படித்தான். ஒரு பாடத்தை ஒரே இரவில் ஐந்து தடவை வாசிப்பதைவிட, இன்று ஒரு தடவை, நாளை ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அப்புறம் ஒரு கிழமையில் ஒரு தடவை என்று சுற்றி வந்தால் நிற்கும். செலவாகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரண்டாவது விஷயம், சுற்றி வரும்போது என்ன செய்கிறோம் என்பது. முக்கால்வாசிப் பேர் புத்தகத்தைத் திறந்து திரும்ப வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த "தெரிந்த மாதிரி"தான் நம்மைப் பரீட்சை மண்டபத்தில் கைவிடுகிறது. அதற்குப் பதிலாகப் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வாயால் சொல்லுங்கள், அல்லது எழுதுங்கள். முடிந்தபின் திறந்து, விட்டுப்போனதைப் பாருங்கள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவினர் ஒரு கட்டுரைப் பகுதியை நாலு தடவை வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 83 வீதம், மற்றவர்கள் 71. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 வீதம்தான் நினைவிருந்தது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு 61.

எனக்கு அந்த 83 என்ற எண்தான் பெரிய பாடமாகத் தெரிந்தது. படித்த இரவில் எல்லாம் வந்துவிட்டது போல நமக்கு ஏன் தோன்றுகிறது என்பதை அது சொல்லிவிடுகிறது.

இதைக் கொப்பியில் எப்படிச் செய்வது?

கொப்பியின் வலது பக்கத்தில் மட்டும் பாடத்தை எழுதுங்கள். இடது பக்கத்தில் அதற்கான கேள்விகளை எழுதுங்கள். "ஒளித்தொகுப்புக்கு என்னென்ன வேண்டும்?" என்பது போல. திரும்ப வரும் நாளில் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களுக்கு, அதாவது சொற்கள், சூத்திரங்கள், வருடங்களுக்கு அட்டை நல்லது. பழைய கலண்டர் தாளை வெட்டினாலே போதும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். மூன்று பிஸ்கட் பெட்டி எடுத்து, முதலாவதில் தினமும் பார்ப்பவை, இரண்டாவதில் மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதில் கிழமைக்கு ஒருமுறை என்று வையுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். பிழையாகச் சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பும். ஜெர்மனியில் செபஸ்டியான் லைட்னர் என்பவர் 1970களில் பரவலாக்கிய முறை இது. தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்து நேரம் போக்காமல், தெரியாததில் கை வைக்க வைக்கிறது. அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

லயத்தில் ஒரு காம்பரா. ஆறு பேர். டீவி சத்தம். எங்கே படிப்பது?

இதற்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிள்ளை படிக்க வேண்டியிருப்பது ஒரு அநியாயம். அதைப் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்ய முடியாது, வீடுதான் கொடுக்க வேண்டும். ஆனால் வீடு வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது.

எங்கள் லயத்தில் செய்தது இது. எட்டு வீட்டாரும் பேசி, ஆறரையிலிருந்து ஏழேகால் வரை டீவியின் சத்தத்தைக் குறைப்பது என்று முடிவு செய்தோம். முதல் கிழமை இரண்டு வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. கோயில் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து பேசினார், அதன்பின் அடங்கியது. எட்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால், படிப்பது இயல்பாகவும் விளையாடுவது புதினமாகவும் ஆகிவிடுகிறது.

அதிகாலை விடியற்புறம் நல்ல நேரம்தான். ஆனால் நுவரெலியாப் பக்கம் தை, மாசிக் குளிரில் கம்பளியை விட்டு எழும்பச் சொல்வது லேசான காரியமில்லை. சமையலுக்கு அடுப்பு மூட்டும் நேரத்தில் அடுப்படியில் உட்காரலாம். சூடும் கிடைக்கும், அம்மாவும் பக்கத்தில் இருப்பார்.

போனில் வாசிக்கலாமா?

தாராளமாக. நம்மைப் போன்ற இடத்தில் போன்தான் நூலகம். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2005இலிருந்து தன்னார்வலர்கள் சேர்த்துவரும் களஞ்சியம் அது. பாடசாலைப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

டவுனுக்குப் போகும் நாளில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று புத்தகத்தை இறக்கி வைத்துவிட்டு, வீட்டில் டேட்டாவை நிறுத்திவிட்டு வாசியுங்கள். டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் ஐந்தாம் பக்கத்தில் ஏதாவது ஒன்று கிணுங்கும், கை அங்கே போகும்.

கதைப் புத்தகம் வாசிப்பது நேரத்தை வீணாக்குவதுதானே? அம்மா ஏசுகிறார்.

அம்மாவிடம் நான் வந்து பேசுகிறேன் என்று சொல்லுங்கள்!

கதை வாசிக்கிற பிள்ளைக்குச் சொல்வளம் தானாகச் சேரும். நீளமான வினாத்தாளைக் கண்டு மிரளாது. ஆனால் நான் வாசிக்கச் சொல்வதற்கு அது மட்டும் காரணமில்லை. நம்முடைய லயமும், மழையும், பிரட்டுக் களமும் அச்சில் வரும்போது ஒரு பிள்ளையின் முகம் மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "இது எங்க கதை சேர்" என்றான் ஒருவன். அதுவரை புத்தகம் என்றால் வேறு ஊர்க்காரர்களைப் பற்றியது என்றுதான் நினைத்திருந்தானாம்.

மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார், தொழிலாளரைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் கதைகளில் நம் சனத்தை எழுதி, தமிழகம் வரைக்கும் மதிக்கப்பட்டார். இவர்களில் யாரையாவது வைத்துத் தொடங்குங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலையிலும் பொது நூலகத்திலும் புத்தகம் தாராளமாகக் கையில் கொடுக்கும் காலம், விட்டுவிடாதீர்கள்.

சிங்களம் கற்க வேண்டும். தினமும் என்ன செய்யலாம்?

முதலில் பயத்தை விடுங்கள். வாக்கிய அமைப்பு நம்முடையதுதான். "மம கடேட்ட யனவா" என்றால் "நான் கடைக்குப் போகிறேன்". சொல்லுக்குச் சொல் அதே வரிசை. "கடே" நம் கடையேதான். பேச்சுச் சிங்களத்தில் இன்னொரு சுகம் உண்டு, ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறுவதில்லை. மம யனவா, ஒயா யனவா, அபி யனவா: நான், நீங்கள், நாங்கள், எல்லாருக்கும் ஒரே "யனவா". தமிழில் போகிறேன், போகிறீர்கள், போகிறோம் என்று மாற்றிப் பழகிய நமக்கு இது எவ்வளவு லேசு!

எழுத்துச் சிங்களத்தில் வினை மாறும், "மம யமி" என்று வரும். அதனால் பேச்சையும் எழுத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், முதலில் பேச்சைப் பிடியுங்கள்.

எழுத்துக்களுக்குப் பஸ் பலகையே ஆசிரியர். ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். ஹட்டன் எப்படி எழுதியிருக்கிறது, நானுஓயா எப்படி என்று ஒரு பயணத்துக்கு ஒரு பெயர் பிடித்தால் போதும். தமிழில் ஒரே க போட்டு கரடி, தங்கம் என்று இரண்டு சத்தத்துக்கும் எழுதுகிறோம். சிங்களத்தில் அந்த இரண்டுக்கும் இரண்டு எழுத்து. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். சவர்க்கார உறை, பால்மாப் பெட்டி, பணத்தாள் எல்லாவற்றிலும் மூன்று மொழியும் கைக்குக் கிட்டவே இருக்கின்றன.

ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். அதோடு தினமும் ஐந்து வரியைச் சத்தமாக வாசியுங்கள். கண்ணுக்குத் தெரிந்த ஆங்கிலம் நாக்குக்கு வராமல் நிற்பது நம் பிள்ளைகளிடம் அதிகம்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. எழுதப் படிக்கத் தெரியாது. இனி வருமா?

வரும். என் வகுப்புக்கு வந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு அரிச்சுவடி வேண்டாம் என்றார், சம்பளத் துண்டு விளங்க வேண்டும் என்றார். அதனால் அதையே பாடப்புத்தகமாக வைத்தோம். முதல் கிழமை அவருடைய பெயரும் செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) இலக்கமும். அடுத்த கிழமை எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர். அப்புறம் கழிவுகள். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்முடைய சம்பளத்தில் 8 வீதம் கழிகிறது, தொழில் தருபவர் 12 வீதம் போட வேண்டும், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு அவர் 3 வீதம். இதை அந்த அக்கா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தானே பெருக்கிப் பார்த்தார். பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

நாலாம் மாதம் ஒரு துண்டில் இரண்டு பேர் குறைந்திருந்தது. அவர் ஆபீசுக்குப் போய், தான் குறித்து வைத்திருந்த திகதிகளைக் காட்டினார். திருத்திக் கொடுத்தார்கள். அதன்பிறகு அவராகவே அரிச்சுவடி கேட்டார்.

வயது போனவர்கள் தங்களுக்குத் தேவையான ஒரு தாளிலிருந்து தொடங்குங்கள்: கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், எதுவானாலும் சரி.

கொழும்பில் கடையில் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறேன். இரவில் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்.

இரவில் திறக்க வேண்டாம் தம்பி. காலையில் கடை திறக்கும் முன் பத்து நிமிடம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம். இரண்டு அட்டையைச் சட்டைப் பையில் வையுங்கள். ஊருக்கு வரும் ரயிலில், கோட்டையிலிருந்து ஹட்டன் வரை, ஒரு கதைப் புத்தகம் பாதியாவது முடியும்.

பரீட்சைக்கு முன் இரவு முழுக்க விழித்துப் படிக்கலாமா?

வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மனதில் இறுகுவதே தூக்கத்தில்தான். சாயத் தண்ணியை (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக் குடித்து விழித்திருந்த இரவுகள் எனக்கும் உண்டு, காலையில் தெரிந்த கணக்கையே பிழையாகப் போட்டேன்.

நாட்குறிப்பு எழுத வேண்டுமா?

விருப்பமிருந்தால் எழுதுங்கள். மூன்று வரி போதும்: இன்று என்ன படித்தேன், எது விளங்கவில்லை, நாளை எதைப் பார்ப்பேன். அந்த நடு வரியை மட்டும் விடாதீர்கள். விளங்காததை எழுதி வைத்தால்தான் அடுத்த நாள் ஆசிரியரிடம் கேட்க வாய் வரும்.

எனக்கே வாசிக்கத் தெரியாது. என் பிள்ளையை எப்படி வாசிக்க வைப்பது?

நீங்கள் கேட்பவராக இருங்கள். பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டோ ரொட்டி தட்டிக்கொண்டோ கேளுங்கள். பிழை பிடிக்க வேண்டாம். நிறுத்தும்போது "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். நேற்று வாசித்ததை இன்று தொடங்குமுன் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். மேலே சொன்ன, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி அதுவேதான். பிள்ளைக்கு அது பயிற்சி என்று தெரியவே தெரியாது.

எங்கள் லயத்தின் தொங்கல் வீட்டில், அதாவது ஓரத்து வீட்டில், ஒரு அப்பாயி இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது, எழுத்தும் தெரியாது. மூன்றாம் ஆண்டு படிக்கும் பேத்தி தினமும் விளக்கு வைத்ததும் அவருக்கு இரண்டு பக்கம் வாசிப்பாள். ஒரு நாள் மழைக்குப் பயந்து அவள் சீக்கிரம் படுத்துவிட்டாள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தவளை அப்பாயி தட்டி எழுப்பினார்.

"ஏய் புள்ள, அந்த நரி கெணத்துல விழுந்துச்சே, மேல வந்துச்சா இல்லையா?"